கிணற்று மூலையில் திரும்பும் வண்டி

ஏப்ரல் 6, ஞாயிறு

பிசியோதெரபிக்கு வரும் பெண் இன்றுமுதல் எழுதிவைக்கச் சொல்லியிருக்கிறாள். என் வீட்டுக்காரர் நாச்சிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்து நான்கு மாதம் ஆகிறது. தினமும் என்னென்ன பயிற்சி செய்தார் என்று நோட்டில் குறிக்க வேண்டுமாம். சரி, குறிக்கிறேன்.

ரப்பர் பந்து அமுக்குவது: அமுக்கவில்லை. எறிந்தார். கோழி மேல் பட்டது.

நடை: வாசல் குழாய்வரை. அதற்குமேல் ஓர் அடி வைக்க மாட்டேன் என்று அங்கேயே உட்கார்ந்துகொண்டார்.

பயிற்சி இவ்வளவுதான். நோட்டோ தடிமன். மீதிப் பக்கத்தில் இந்தச் சாந்தாமணி தன் புலம்பலை எழுதினால் யார் வந்து கேட்கப்போகிறார்கள்?

ஏப்ரல் 9, புதன்

நேற்று கோடை மழை. நல்ல மழை. காலையில் தோட்டத்தில் கால் வைத்தால் மண் பொதபொதவென்று இருந்தது. நாளை உழுதால் வெண்ணெய் மாதிரி வரும்.

பாகம் பிரித்தபோது பெரிய டிராக்டர் கொழுந்தனார் சென்னியப்பனுக்கும் கிணறு எங்களுக்கும் என்று ஆனது. அப்போது அது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு பேர் காட்டையும் இவர்தான் உழுதார். இப்போது கொழுந்தனாரே ஓட்டுகிறார். போய்க் கேட்டேன். "நாளைக்கு வர்றனுங்" என்றார்.

பந்து: அமுக்கினார். என்னை முறைத்துக்கொண்டே.

ஏப்ரல் 10, வியாழன்

வரவில்லை. "நாளைக்கு."

ஏப்ரல் 13, ஞாயிறு

இன்றுதான் வந்தார். ஈரம் போய்விட்டது. ஒவ்வொரு கட்டியும் தேங்காய்ப் பருமன். கிணற்று மூலையில் அவருடைய பெரிய வண்டி திரும்பாது. எப்போதும்போல அதை அப்படியே விட்டுவிட்டுப் போனார். நான் மண்வெட்டியோடு இறங்கிக் கொத்தினேன். கை இரண்டும் காந்துகிறது.

காப்பி குடித்துக்கொண்டே சொன்னார்: "ஏனுங் நங்கை, நானும் ஒத்த ஆளு. எங்க காட்ட உட்டுட்டு வர முடியறதில்லீங்க. நீங்க அண்ணனப் பாப்பீங்களா, காட்டப் பாப்பீங்களா? பேசாம மஞ்சள் நடவுக்கு முன்னால எங்கிட்டக் குத்தகைக்கு உட்டுருங்க."

எங்கள் பக்கம் அண்ணியை நங்கை என்றுதான் கூப்பிடுவார்கள். எவ்வளவு மரியாதையாகக் கூப்பிட்டு எவ்வளவு பெரிய கல்லைத் தலையில் போடுகிறார் பாருங்கள்.

அவர் கெட்டவர் இல்லை. அண்ணனுக்காக ஆஸ்பத்திரியில் இரவு பகலாகக் கிடந்தவர். ஆனால் குத்தகைக்குப் போன காடு திரும்பி வந்ததை நான் எங்கும் பார்த்ததில்லை. முதல் வருஷம் குத்தகை, மூன்றாம் வருஷம் வரப்பு காணாமல் போகும், ஐந்தாம் வருஷம் "உங்களுக்கு எதுக்குங்க இந்தத் தொந்தரவு" என்பார்கள்.

"வைகாசி முடியட்டுங்க தம்பி. அதுக்குள்ள உழவுக்கு நான் ஒரு வழி பண்ணலீன்னா எடுத்துக்கங்க" என்றேன்.

வாய் சொல்லிவிட்டது. வழிதான் தெரியவில்லை.

ஏப்ரல் 14, திங்கள்

வருஷப் பிறப்பு. மாங்காய்ப் பச்சடி செய்தேன். சாப்பிட்டு முடித்து, வாயைத் துடைத்துக்கொண்டு, அவர் தெளிவாக ஒன்று சொன்னார். நாக்கு குழறாமல் வந்த முதல் சொல் அதுதான்.

"டிராக்டர்."

அப்புறம் குழறலாக, "வாங்... கலாம்."

எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. தை மாதம் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னது இவருக்குத் தெரியாது. இடது காலில் உணர்ச்சி முழுசாகத் திரும்பாது, இனி எந்த வண்டியும் ஓட்டவிடாதீர்கள் என்றார். கிளட்ச் இடது காலில் அல்லவா இருக்கிறது! முப்பது வருஷம் டிராக்டர் சீட்டிலேயே வாழ்ந்த மனுஷனிடம் இதை எந்த வாயால் சொல்வது? நான் சொல்லவில்லை. இப்போதைக்குச் சொல்லப்போவதும் இல்லை.

"வாங்கலாமுங்க" என்றேன்.

பணத்தைப் பற்றி இங்கே எழுதமாட்டேன். மஞ்சள் விற்றது இருக்கிறது, மிச்சத்துக்கு பேங்க் இருக்கிறது. என் கவலை, வாங்கினால் சீட்டில் உட்காருவது யார் என்பது.

ஏப்ரல் 17, வியாழன்

விஜயமங்கலத்தில் அண்ணன் வீட்டுக்குப் போய்வந்தேன். இடது முழங்காலில் வலி. தைலம் தேய்த்தேன்.

நடை: குழாய்வரை.

ஏப்ரல் 19, சனி

மறுபடியும் அண்ணன் வீடு. "எதுக்கு... அடிக்கடி?" என்று கேட்டார். அங்கே மாடு கன்று போட்டிருக்கிறது, சீம்பால் கொடுக்கக் கூப்பிட்டார்கள் என்றேன். சீம்பால் எங்கே என்று கேட்கவில்லை. நல்லவேளை.

ஏப்ரல் 22, செவ்வாய்

அண்ணன் வீடு. இன்று பரவாயில்லை, இரண்டு முறைதான் ஆஃப் ஆனது.

(மொபெட்டைச் சொன்னேன்.)

சோறு போடும்போது என் சேலைக் கரையையே பார்த்துக்கொண்டிருந்தார். கறுப்பாக ஒட்டியிருந்தது. "மாட்டுக்கு... கிரீஸு... போடறாங்களா?" என்றார். மொபெட் செயின் என்று சொல்லிவிட்டு ரசம் எடுக்க உள்ளே போய்விட்டேன்.

சாப்பிட்டதும் அவரைக்கொடிப் பந்தலில் இருந்து நேரான மூங்கில் குச்சி ஒன்று கேட்டார். எதற்கு என்றால் பதில் இல்லை. உருவிக் கொடுத்தேன்.

ஏப்ரல் 24, வியாழன்

மத்தியானம் பாய் போட்டுக் காலை நீட்டிப் படுத்துவிட்டேன். உடம்பெல்லாம் வலி. கண் விழித்துப் பார்த்தால் அவர் குச்சியோடு என் கால்மாட்டில் தரையில் உட்கார்ந்திருக்கிறார். அங்கே எப்படி இறங்கினார், விழுந்திருந்தால் என்ன ஆவது என்று சத்தம் போட்டேன். "பூனை... வந்துது" என்றார்.

பூனையை விரட்டக் குச்சியில் கத்தியால் கோடு எதற்குப் போட வேண்டும்? கேட்டால் கோபம் வருகிறது. போகட்டும், உட்கார்ந்து எழுந்ததும் ஒரு பயிற்சிதான்.

ஏப்ரல் 28, திங்கள்

பெருந்துறையில் டிராக்டர் கடைகளுக்குப் போனோம். அவர் கையில் அந்தக் குச்சி. என் கையில் ஒரு கயிறு. குரங்காட்டி ஜோடி மாதிரி இருந்திருக்கும்.

கயிறு நான் அளந்து முடிச்சுப் போட்டது. எங்கள் தோட்டத்துக்கு இட்டேரி வழியாகத்தான் போக வேண்டும். இரண்டு பக்கமும் கிளுவை வேலி. நடுவில் ஓரிடத்தில் சுருங்கிவிடும்; அந்த அகலம்தான் கயிற்றில். கொழுந்தனார் வண்டி ஒவ்வொரு தடவையும் வேலியை உரசிக்கொண்டுதான் வரும். முதலில் வண்டி காட்டுக்குள் போகட்டும், அப்புறம் உழுவதைப் பேசலாம்.

கடையில் யுவராஜ் என்று ஒரு பையன் விற்பனைக்கு. நெற்றியில் சந்தனம், வாயில் ஹார்ஸ்பவர். "அக்கா, இந்தப் பக்கம் எல்லாரும் அம்பது எச்பிக்கு மேலதாங்க எடுக்கறாங்க. கெத்தா இருக்குமுங்க."

"நாலு ஏக்கருக்குக் கெத்து எதுக்கு கண்ணு? ரொட்டவேட்டர மாட்டுனா முன் சக்கரம் தூக்காம இருக்குமா? அதச் சொல்லு."

அவன் கொஞ்சம் நிமிர்ந்து பார்த்தான். அப்புறம்தான் வேலைக்கு ஆகிற பேச்சுப் பேசினான். கலப்பையோ ரொட்டவேட்டரோ எது மாட்டப்போகிறோம் என்பதை முதலில் முடிவு செய்ய வேண்டும். அதன் எடையை வண்டியின் பின்னாலிருக்கும் இரும்புக் கை தூக்குமா என்று பார்த்துவிட்டுத்தான் எச்பிக்கே வர வேண்டும். எங்கள் மண் செம்மண், இலகு. அதற்கு யானை மாதிரி வண்டி தேவையில்லை. கனம் கூடினால் அடிமண் இறுகி மஞ்சள் கிழங்கு பெருக்காது.

இவர் இதெல்லாம் காதில் வாங்கவே இல்லை. பெரிய வண்டியின் சீட்டிலிருந்து கிளட்ச் மிதிவரை குச்சியை வைத்துப் பார்த்தார். தலையை ஆட்டினார். அடுத்தது. அதற்கும் ஆட்டினார். இன்னொன்றில் கியர் கம்பு சீட்டுக்கு முன்னால், இரண்டு காலுக்கும் நடுவில் இருந்தது. தொட்டுக்கூடப் பார்க்கவில்லை, "வேண்டாம்" என்றார்.

தன் காலுக்கு எட்டுமா என்று அளக்கிறார். எட்டினால் மட்டும் என்ன? அந்தப் பக்கம் திரும்பி நின்று விலைப்பட்டியலைப் படிப்பதுபோல நின்றேன். எழுத்தெல்லாம் கலங்கித் தெரிந்தது.

மே 3, சனி

வேறு கடை. இங்கே கொஞ்சம் சின்ன வண்டி. கயிற்றுக்குள் அடங்கியது. குச்சியின் கோடும் மிதியும் சரியாக ஒட்டின, சீட்டை முன்னால் தள்ளியபிறகு. அவர் முகம் மலர்ந்ததைப் பார்க்க வேண்டுமே!

என்னை ஏறி உட்காரச் சொன்னார். அவரால் ஏற முடியாது, என் கண்ணைக் கடன் வாங்குகிறார் என்று நினைத்து ஏறினேன். ஊன்றுகோலை வைத்துக்கொண்டு மெதுவாக நடந்து வண்டிக்கு முன்னால் போய் நின்றார். பானெட்டுக்கு அந்தப் பக்கம்.

"தெரியுதா?"

"என்னங்க?"

"நானு... தெரியறனா?"

"தலை தெரியுதுங்க."

குனிந்தார். "இப்ப?"

"தெரியுது, தெரியுது. உளுந்துராதீங்க!"

கடைக்காரர்கள் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

வெளியே வரும்போது நான் விசாரித்தது: பழுது என்றால் ஆள் எங்கிருந்து வருவான்? பெருந்துறையிலிருந்தே வருவானாம். உதிரிபாகம்? பக்கத்துத் தெருவிலேயே. எங்கள் சுற்றுவட்டத்தில் இதே வண்டி வைத்திருக்கிறவர்கள் பெயரைக் கேட்டு வாங்கிக்கொண்டேன். கடைக்காரன் சொல்வதைவிட மூன்று வருஷம் ஓட்டினவன் திட்டுவதைக் கேட்பதுதான் நல்லது.

மே 7, புதன்

மூன்று வீட்டில் கேட்டேன். ஒருவர் டீசல் குறைவாகக் குடிக்கிறது என்றார். இன்னொருவர் சீட் கெட்டி, முதுகு போகிறது என்றார். மூன்றாமவர் வீட்டில் அவர் மனைவியைத்தான் கேட்டேன். "பொழுதோட வீட்டுக்கு வந்து வண்டியத் திட்டறதில்லீங்க" என்றார். அதுதான் பெரிய சர்டிபிகேட்.

அண்ணன் வீடு. இன்று ஒருமுறைகூட ஆஃப் ஆகவில்லை. அண்ணன் கைதட்டினான்.

மே 10, சனி

டெமோவுக்கு வண்டியைக் கொண்டுவந்தார்கள். ரோட்டோரம் சமமான காட்டில் நேராக ஓட்டிக் காட்டுகிறேன் என்றான் ஓட்டி வந்தவன். "நேரா எல்லா வண்டியும்தான் போகும். கிணத்து மூலைக்கு வா சாமி" என்றேன்.

முகம் சுளித்துக்கொண்டு வந்தான். வந்தான், மூலையில் ஒடித்தான், கலப்பையைத் தூக்கினான், வண்டி கிணற்றுமேட்டைத் தொடாமல் அழகாகச் சுற்றி அடுத்த உழவுசாலில் இறங்கியது. எத்தனை வருஷம் என் கையால் கொத்திய மூலை! மோர் கொண்டுவருகிறேன் என்று வீட்டுப் பக்கம் போய்விட்டேன்.

இந்த வண்டிதான். முடிவு.

மே 12, திங்கள்

கொழுந்தனாருக்குச் செய்தி போய்விட்டது. வந்தார்.

"பொம்மை வண்டியாட்ட இருக்குதுங்க. சரி, வண்டி கெடக்கட்டும். ஓட்டறது யாருங்க? அண்ணன் ஏறி உட்காந்து எங்கியாச்சும் உளுந்துட்டா நான் ஊருக்கு என்ன பதில் சொல்றது?" குரல் உடைந்தது. நிஜமான பயம். அதனால்தான் என்னால் சண்டை போட முடியவில்லை.

கடைசியில் அவரே ஒன்று சொன்னார். குலதெய்வத்திடம் பூ வாக்குக் கேட்போம். வெள்ளைப் பூ வந்தால் வாங்கலாம். சிவப்பு வந்தால் வண்டிப் பேச்சை விட்டுவிட்டுக் காட்டைக் குத்தகைக்குக் கொடுத்துவிட வேண்டும். கல்யாணமோ கிணறோ எதுவானாலும் எங்கள் குடும்பத்தில் பூக் கேட்காமல் நடந்ததில்லை. மாட்டேன் என்று எப்படிச் சொல்வது?

இவரும் தலையை ஆட்டினார். எங்களை ஆட்டிவைக்கிற கெரகம்தான் அந்தத் தலையையும் ஆட்டியிருக்கும்.

மே 16, வெள்ளி

சிவப்பு.

மே 17, சனி

நேற்று அதற்குமேல் எழுத முடியவில்லை. இன்று எழுதுகிறேன்.

பூசாரி வெள்ளை அரளியையும் சிவப்பு அரளியையும் தனித்தனி இலையில் பொட்டலம் கட்டி, குலுக்கி, அம்மன் காலடியில் வைத்தார். கொழுந்தனார்தான் கைகூப்பிக் கேட்டார்: "தாயே, எங்கண்ணன் நாச்சிமுத்து டிராக்டரு வாங்கி ஓட்டலாமா? நல்லது கெட்டது நீதான் சொல்லோணும்." கோயிலுக்கு வந்திருந்த யார் வீட்டுப் பாப்பாவோ ஒன்றை எடுத்துக் கொடுத்தது. பிரித்தால் சிவப்பு.

"அம்மனே சொல்லிப்போட்டா" என்று கொழுந்தனார் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அது நிம்மதிக் கண்ணீர். திங்கட்கிழமை குத்தகை பேச வருகிறார்.

வீட்டுக்கு வந்ததும் எனக்கு அடக்க முடியவில்லை. இவர் கட்டிலில் அந்தக் குச்சியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு சாவகாசமாகச் சாய்ந்திருக்கிறார். பார்த்ததும் பொங்கிவிட்டது.

"அம்மன் சொன்னது சரிதாங்க! உங்களால ஓட்ட முடியாது. டாக்டர் தை மாசமே சொல்லிட்டாரு. கால் வராதாம். நாந்தான் உங்ககிட்டச் சொல்லாம மறச்சு வெச்சேன். இந்தக் குச்சிய வெச்சு எத்தன அளந்தாலும் உங்க காலு மிதிக்காதுங்க!"

சொல்லிவிட்டுத் தரையில் உட்கார்ந்து அழுதேன்.

ஒரு சத்தம் கேட்டது. முதலில் மூச்சுத் திணறுகிறதோ என்று பதறினேன். சிரித்துக்கொண்டிருந்தார். மார்கழிக்கு அப்புறம் இந்த வீட்டில் கேட்காத சிரிப்பு. வாய் ஒரு பக்கம் கோணி, கண்ணில் தண்ணீர் வழிய.

"தெரியும். டாக்டர் ரூம்பு... கதவு... சாத்தல."

"தெரிஞ்சுமா டிராக்டர் வேணும்னீங்க?"

கட்டிலிலிருந்து மெதுவாக இறங்கி என் பக்கத்தில் உட்கார்ந்தார். என் காலை நீட்டச் சொன்னார். குச்சியை என் இடுப்பிலிருந்து வைத்தார். கத்திக் கோடு சரியாக என் குதிகாலில் வந்து நின்றது.

"உனக்கு" என்றார்.

பூனை வந்த அன்று அளந்தது இதைத்தான். பானெட்டுக்கு முன்னால் குனிந்து நின்று தெரிகிறேனா என்று கேட்டது என் உயரத்துக்குத்தான். கியர் கம்பு நடுவில் வேண்டாம் என்றது என் சேலை மாட்டிக்கொள்ளும் என்று. நான்தான் என் மனசுக்குள்ளேயே இவருக்குக் கருமாதி பண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

"மாட்டுக்கு... கிரீஸு" என்று மறுபடியும் சிரித்தார். "சேலையப் பாத்தப்பவே... தெரிஞ்சுபோச்சு."

ஆக, இங்கேயும் எழுதிவிடுகிறேன். அண்ணன் வீட்டில் மாடும் இல்லை, கன்றும் இல்லை. அவனுடைய பழைய டிராக்டரில் பழகிக்கொண்டிருந்தேன். ஆஃப் ஆனது மொபெட் இல்லை.

அப்புறம் அவர் சிரிப்பை நிறுத்திவிட்டுச் சொன்னார்: "அம்மங்கிட்ட... பேரத் தப்பாச் சொல்லிட்டான். உம் பேரச் சொல்லிக் கேளு."

மே 19, திங்கள்

கொழுந்தனார் குத்தகை பேச வந்தார். உட்காரவைத்து எல்லாவற்றையும் சொன்னேன். காப்பி டம்ளரைக் கீழே வைத்தார்.

"நீங்களா? ஓட்டுவீங்களா?"

"ஓட்டறனுங்க தம்பி."

"வெள்ளி வரட்டும்" என்றார். "இந்தத் தடவ நீங்களே கேளுங்க. நான் சும்மா நிக்கறேன்."

மே 23, வெள்ளி

பூசாரி ஒப்பவில்லை. "ஒருதரம் கேட்ட கேள்விய மறுபடியும் கேக்கக் கூடாதுங்கம்மா."

"இது வேற கேள்விங்க சாமி" என்றேன். "போன வாரம் அவரு ஓட்டலாமான்னு கேட்டாங்க. ஓட்டக் கூடாதுன்னு அம்மன் நெசத்தச் சொல்லீட்டா. நான் ஓட்டலாமான்னு அவள யாருங்க கேட்டது?"

பூசாரி கொழுந்தனாரைப் பார்த்தார். அவர், "கட்டுங்க பூவ" என்றார்.

கைகூப்பிக் கண்ணை மூடினேன். "தாயே, நாச்சிமுத்து பொண்டாட்டி சாந்தாமணி கேக்கறேன். எங்க காட்ட நானே டிராக்டரு ஓட்டி உழுவறேன். உத்தரவு குடு. உன்ன நம்பித்தான் கேக்கறேன், கையக் காலப் பழக்கீட்டுத்தான் வந்திருக்கறேன்."

என் இடது கால் கிளட்ச் மிதிப்பதுபோலத் தரையை அழுத்தியது.

பொட்டலத்தைப் பிரித்தது நான். வெள்ளை.

இவர் அம்மனைப் பார்க்கவில்லை. என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

ஜூன் 2, திங்கள்

வண்டி வந்தது. நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம். நசுக்கிக்கொண்டு நானே வாசலில் ஏற்றினேன். கடைக்குச் சொல்லி சீட்டைக் குச்சிக் கோட்டுக்கு வைத்துவிட்டேன். தெருவே நின்று பார்த்தது. பார்க்கட்டும்.

பந்து: இரண்டு கையாலும்.

ஜூன் 8, ஞாயிறு

வெள்ளி இரவு மழை. நேற்று முழுக்க மண்ணைக் கையில் எடுத்து எடுத்துப் பார்த்தேன். இன்று விடியக்காலையில் எடுத்தால் உருண்டை பிடித்தது, விரலால் தட்டினால் உதிர்ந்தது. இதுதான் பதம். இதற்கு ஒருத்தரிடமும் போய் நிற்கவில்லை.

அவருடைய பழைய சட்டையைச் சேலைமேல் மாட்டிக்கொண்டு ஏறினேன். இட்டேரியில் வேலி உரசவில்லை. முதல் சால் கோணல். இரண்டாவதும் கோணல்தான். நாலாவதிலிருந்து மண் என் பேச்சைக் கேட்டது.

கிணற்று மூலை வந்தது. வேகத்தைக் குறைத்துத் தலையைத் தூக்கினால் கிணற்றுமேட்டில் அவர் நிற்கிறார், ஊன்றுகோலோடு.

"தெரியறனா?" என்று கத்தினார்.

"தெரியறீங்க!" என்று கத்திவிட்டு ஒடித்தேன். கலப்பை எழுந்தது, வண்டி சுற்றியது, இறங்கியது. திரும்பிப் பார்த்தேன். ஒரு முழம் மண்கூட மிச்சமில்லை.

வேலிக்கு அந்தப் பக்கம் கொழுந்தனார் எப்போது வந்தார் என்று தெரியவில்லை. என்ஜினை அணைத்ததும் தொண்டையைச் செருமினார்.

"மூலை திரும்பிருச்சுங்களே."

"திரும்பிருச்சுங்க தம்பி."

"எங்க பக்கமும் தென்னங்கன்னு வெச்சதுல வரிசைக்கு நடுவால பெரிய வண்டி போக மாட்டீங்குதுங்க. நம்ம வண்டி போனா..." மேலே சொல்லாமல் நின்றார்.

நாளைக்கு என்ற சொல் என் நாக்கு நுனிவரை வந்தது. நன்றாக, சுகமாக வந்தது. ஆனால் நாளைக்கு ஈரம் இருக்காது. அது எனக்குத் தெரியாதா?

"வேலியத் தொறந்து தடத்த உடுங்க, இப்பவே வர்றேன்" என்றேன்.

நடை: கிணற்று மூலைவரை, அவராக. யாரும் சொல்லவில்லை.